பன்றி தொடாத கொல்லை

காட்டோரத்தில் காய்கறி போடுகிறவள், விளைச்சலில் முதல் பங்கு தனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டுதான் மண்வெட்டியைத் தூக்க வேண்டும். என்னைப் போலக் கொத்திக் கொத்திக் கை காய்த்துப்போன அக்கா தங்கைகளுக்கு இதை நானா சொல்ல வேண்டும்?

ரப்பர் விலை விழுந்து பால்வெட்டு நின்றதும், காப்பார்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேரைக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே கப்பலேற்றிவிட்டார்கள். கணக்கு பார்க்கும் கிராணி ஐயா எங்களுக்குக் காட்டை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். “வெளைய வெச்சுப் பொழைச்சா எஸ்டேட் லயத்து வீட்டுலயே இருங்க. இல்லேன்னா நீங்களும் கப்பல்தான்.” ஊரில் எங்களுக்கு ஒண்டிக்கொள்ள ஒரு கூரை கிடையாது. இடுப்பில் பால்குடிப் பிள்ளை வேறு.

படையல்

மரவள்ளி கிழங்கு பிடித்ததும், என் வீட்டுக்காரர் எல்லையில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்றார். சாமியை வெறும் வயிற்றோடு காவலுக்கு நிறுத்த முடியுமா? வெள்ளிக்கிழமை பொங்கல், வாழைப்பழம், தேங்காய், அவித்த சர்க்கரைவள்ளி, சுருட்டு என்று இலை நிறையப் படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தோம்.

காலையில் சுருட்டு மட்டும் கிடந்தது. சாமி ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் கொல்லை முழுக்கப் பன்றிக் குளம்பு! இலையைக் காலி செய்த கூட்டம் அப்படியே உள்ளே நடந்து, மரவள்ளியைக் கிழங்கோடு உழுதுவிட்டுப் போயிருக்கிறது. தலையில் கை வைத்து உட்கார்ந்தவளிடம் அவர் சொன்னார்: “எலை போட்டு அழைச்சுட்டு, வந்தவங்களக் குத்தம் சொல்லாத புள்ள.”

தகரம்

அடுத்து குரங்கு. மண்ணெண்ணெய்த் தகரங்களைக் கயிற்றில் கோத்து, கயிற்றின் நுனியைக் கொல்லையோர மரத்தில் தொங்கிய பிள்ளையின் தூளியில் கட்டினேன். தூளியை ஆட்டினால் பிள்ளை தூங்கும், தகரம் அலறும், குரங்கு ஓடும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் குரங்குகள் தகரத்தின் மேலேயே உட்கார்ந்து வெண்டைக்காய் கடித்தன. பிள்ளையோ அந்தச் சத்தம் இல்லாமல் கண் மூட மாட்டேன் என்றது. லயத்திலும் தகரம் தட்டித்தான் தூங்க வைத்தேன். அடுத்த வீட்டு அஞ்சலை அக்கா வாசலில் வந்து நின்றாள்: “கொரங்கும் பழகிடுச்சு, ஒம் புள்ளயும் பழகிடுச்சு, நாங்க எப்படி பழகுறதுன்னு அதையும் சொல்லிடுடி!”

மிச்சம்

எதைத் தின்றன என்று அழுவதை விட்டுவிட்டு, எதை விட்டுவைத்தன என்று பார்த்தேன். மஞ்சள், மிளகாய், பாகற்காய். அதனால் காட்டோரம் ஒரு வரிசை மரவள்ளியை அதுகளுக்கே விட்டேன். அடுத்து நெருக்கமாக மஞ்சள். உள்ளே மிளகாயும் பாகற்காயும் நமக்கு. பன்றிகள் தங்கள் வரிசையைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போயின. குரங்கு ஒரு மிளகாயைக் கடித்து என் மேலேயே வீசியதோடு சரி.

முதல் கூடையைக் கிள்ளான் பாசார்ச் சந்தைக்குச் சுமந்து போனேன். ரயில்வே லயத்து அக்கா ஒருத்தி பாகற்காயைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பன்றியும் குரங்கும் வாய் வைக்காத காய் என்று பெருமையாகச் சொன்னேன். காயைக் கூடையிலேயே போட்டாள். “அதுங்களே வேணாம்னு போனத எம் புருசனுக்கு ஆக்கிப் போடச் சொல்றியா, தங்கச்சி?”

பார்வை

ஆனாலும் மிளகாய் விற்றது, மஞ்சளும் விற்றது. பிழைத்துவிட்டோம் என்று நினைத்தபோது கிராணி ஐயா கொல்லையைப் பார்க்க வந்தார். பிள்ளையைக் காட்டுவதுபோல ஒவ்வொரு செடியாகக் காட்டினேன். எந்த வரிசை யாருக்கு, பன்றி எதுவரை வரும், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒரு மிளகாயைப் பறித்து முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இனி மிருகத் தொந்தரவு இல்லியே? நல்லதாப் போச்சும்மா. எம் மச்சான் அதுக்குப் பயந்துதான் இந்த நெலம் வேணாம்னான். நீங்க அடுத்த கப்பலுக்குப் பேரக் குடுத்துடுங்க.”

பன்றி ஒரு வரிசை மரவள்ளியோடு திரும்பிப் போய்விடும், அக்காமார்களே. மச்சான்களுக்கு எந்த வரிசையை விட்டுவைப்பது என்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.