கீழ்க்குரல்

தேவாலயத்தில் கிறிஸ்து பிறப்பு நாளான நத்தார் ஆராதனையில் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது என் பத்து வருட ஆசை. போன வருடம் எங்கள் பாடகர் குழுவில் அந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆனால் ஆவணியில் தொண்டையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அதன்பின் ஒத்திகையில், உச்சத்துக்குப் போகும் வரியில் என் குரல் உடைந்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த ரூபிக்குப் பாட்டைக் கொடுத்தார்கள். நான் குழுவை விட்டு நின்றுவிட்டேன். ரூபியோடு கதைக்கவுமில்லை. அது என் பிழைதான்.

ஒருநாள் அவளே வீட்டுக்கு வந்தாள். "அக்கா, தனியப் பாடப் பயமாக் கிடக்கு. என்னோடை நிண்டு பாடுவியளோ?"

"என்ரை குரல் போயிட்டுது பிள்ளை."

"மேலைதானே போயிட்டுது. கீழை கிடக்குத்தானே, அக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே வெட்கமும். அடுத்த நாளே ஒத்திகைக்குப் போய், அவளுக்குத் துணையாக, அவள் மெட்டுக்குக் கீழே வேறு சுரங்களில் போகும் கீழ்க்குரலைப் பாடப் பழகினேன். நாற்பத்தேழு வயதில் அது இலகுவாக வரவில்லை. என்னையறியாமல் அவளுடைய மெட்டுக்கே போய்விடுவேன். "திருப்பியும் துவக்கத்திலை இருந்து, அக்கா" என்பாள்.

நத்தார் காலையில் இருவரும் சேர்ந்து பாடினோம். வெளியே வந்ததும் என் கணவர், "உம்மடை குரலும் சேர்ந்ததாலைதான் பாட்டு நிறைஞ்சு கிடந்தது" என்றார்.

"ஓம், எனக்கும் தெரியும்" என்றேன்.

தனியாகப் பாடும் ஆசை நிறைவேறவில்லை. இருந்தாலும் அன்று நிமிர்ந்துதான் நடந்தேன். இந்த வருடம் குழுவில் கீழ்க்குரல் பாட முதலில் பெயர் கொடுத்ததும் நான்தான்.