டாக்டர் ஓஸ்டர்ஹாஃபும் என் ரப்பரும்

டாக்டர் ஓஸ்டர்ஹாஃப் வருகிற வெள்ளிக்கிழமை ஓய்வுபெறுகிறார். அவருக்காக ஒரு மலர் போடுகிறார்கள். லைடனிலிருந்தும் க்ரோனிங்கனிலிருந்தும் பேராசிரியர்கள் அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி எழுதிக் கொடுத்தாயிற்று. 'மனிதர்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் மட்டும் பாக்கியாம். இருபத்தாறு வருஷமாக அவர் அறைக்கு வெளியே பதிவட்டைப் பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கும் ஃபெம்மிதான் அதற்குச் சரியான ஆள் என்று குழு முடிவு செய்துவிட்டது. சரி, எழுதுகிறேன். எழுத உட்காரும்போதே வாயெல்லாம் கசக்கிறது.

டாக்டர் நோட்டரி வீட்டுப் பிள்ளை. லைடனில் கலை வரலாறு படித்தார். ஹேக்கில் பெரிய மியூசியம் ஒன்றில் ஆறு வருஷம் உதவியாளர். முப்பத்தொன்பது வயதில் எங்கள் ஊர் மியூசியத்துக்கு இயக்குநராக வந்து சேர்ந்தார். அப்போது அது பழைய காலத்தில் வெண்ணெய் எடைபோட்ட கட்டடத்தில் நாலு அறை, ஒரு கரியடுப்பு, அவ்வளவுதான். பத்தரைக்குக் காப்பி. ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை அவரே மூடிவிடுவார். அதில் எனக்குக் குறையில்லை, என் அம்மாவும் அப்படித்தான் மூடுவாள். ஆனால் இவர் மேஜை இழுப்பறையில் தனக்கென்று இன்னொரு டப்பா வைத்திருந்தார்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. யார் வரைந்தது, யார் அப்படிச் சொன்னது, என்றைக்குச் சொன்னது, எல்லாம் பென்சிலில் எழுதி, சொன்னவர் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போடவேண்டும். பிறகு ஒருவர் அது தப்பு என்று நினைத்தால் பழையதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கீழே தன்னுடையதை எழுதலாம். அழிக்க மட்டும் கூடாது. முதல் நாளே எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர்தான்.

வுப்போ ஹான் எங்கள் ஓவியங்களைச் செப்பனிட்டவர். குச்சியில் பஞ்சு சுற்றி, வாயில் வைத்து நனைத்து, அரை அங்குலம் அரை அங்குலமாக அழுக்கெடுப்பார். எச்சிலை மிஞ்சிய மருந்து கிடையாது என்பார். டாக்டருக்கு அதைக் கண்டாலே அருவருப்பு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அந்த அறையைக் கடந்துபோவார். அறுபத்தேழாம் வருஷம் ஒரு சின்னப் பலகை ஓவியம், ஒருத்தி மீன் செதில் சுரண்டுகிறாள். யார் வரைந்தது என்று தெரியாமல் பரணில் கிடந்தது. நாலு மாதம் எச்சில் போட்டுத் துடைத்ததில் படத்திலிருந்த வாளியின் விளிம்புக்குக் கீழே இரண்டு எழுத்து தெரிந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியர் யோரிஸ் வெஸ்ட்ஹோவனின் முத்திரை. அன்றைக்கே அட்டையில் பதிந்தோம். வுப்போ பென்சிலை அழுத்தி எழுதுகிறவர். பெயரெழுத்தைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டர் அப்போது ஸேலாந்தில் விடுமுறையில் இருந்தார். திரும்பிவந்து அட்டையைப் படித்தார். வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வந்து ரப்பர் கேட்டார். கொடுத்தேன். திங்கட்கிழமை அட்டையில் வுப்போவின் பெயரெழுத்து இருந்த இடத்தில் டாக்டருடைய எழுத்துகள் இருந்தன.

வுப்போ நேராக அவரிடமே போய்க் கேட்டார். கதவு திறந்திருந்ததால் பதில் எனக்கும் கேட்டது.

"சுத்தம் பண்ணினது நீங்க. பார்த்தது நான்."

அவ்வளவுதான். ஆய்விதழில் கட்டுரை, நகராட்சி கட்டிக்கொடுத்த புதுக்கட்டடம், க்ரோனிங்கனில் வாரம் ஒரு நாள் பேராசிரியர் பதவி, எல்லாம் அந்த மீன்காரியால் வந்தவை. பக்கவாட்டில் விளக்கு வைத்தால் எந்தப் பரப்பும் பொய் சொல்லாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். த்தூ. அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தது யார்? நான்தான். கார்பன் வைத்து மூன்று பிரதி, ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

வுப்போவுக்கு இப்போது எண்பத்தொன்று. ஆற்றோரத்து முதியோர் இல்லத்தில் இருக்கிறார், கண் அநேகமாகப் போய்விட்டது. ஓவியத்துக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும் அட்டையில் தன் பெயர் வரவேண்டும், சாவதற்குள் வரவேண்டும், அது போதும் என்கிறார். போன மாதம் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பழைய கதை, ஃபெம்மி. இப்பக் கிளறினா மியூசியத்துக்குத்தான் கேவலம்."

மேஜைக்குத் திரும்பி அந்தப் பழைய அட்டையை எடுத்து, அவர் சொல்லிக்கொடுத்தபடியே விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தேன். வு, ஹா, தேதி, மூன்றும் பள்ளமாக அப்படியே இருந்தன. பென்சில் கரியைத்தான் ரப்பர் எடுத்திருந்தது.

ஞாயிறன்று அட்டையைப் பையில் வைத்து இல்லத்துக்குக் கொண்டுபோனேன். வுப்போவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தின் மேல் வைத்தேன். இரண்டு தரம் தடவிப் பார்த்தார்.

"இருக்கு," என்றார். பிறகு, "ரப்பர் யாருது?" என்று கேட்டார்.

"என்னுது."

"தெரியும். அந்தக் கட்டடத்துல உங்கிட்ட மட்டுந்தான் ரப்பர் இருந்துச்சு."

பதினெட்டு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாதாமாதம் போவேன், என் கையால் ஊற்றிய காப்பியைக் குடிப்பார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு டாக்டர் மேல் இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி என்மேலேயே வந்து விழுந்தது. "சுவத்து அட்டையை யாரு டைப் அடிக்கிறா இப்ப?" என்று வுப்போ அடுத்துக் கேட்டார். அதுவும் நான்தான். பதினெட்டு வருஷமாக நான்தான்.

இன்று காலை புது அட்டை அடித்து மாட்டிவிட்டேன். 'யோரிஸ் வெஸ்ட்ஹோவன். கண்டறிந்தவர்: வுப்போ ஹான், 1967.' விளக்கைச் சாய்த்து எடுத்த பழைய அட்டையின் புகைப்படத்தை இந்தப் பக்கத்தோடு அச்சகத்துக்கு அனுப்புகிறேன். குழு போட்டாலும் சரி, கிழித்தாலும் சரி. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேயர் உங்களுக்குப் பதக்கம் குத்துவார், டாக்டர். கைகுலுக்க வரும் வரிசையில் சக்கர நாற்காலியில் வுப்போவும் வருவார், தள்ளிக்கொண்டு வருவது நான். அதற்கு முன்னால் சுவரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். ரப்பர் கேட்டு மட்டும் என் மேஜைக்கு வராதீர்கள்.