கவுண்டி மன்றத்தில் சொன்ன சாட்சி

ஆர்டித் ப்ரூயட்டுக்கு அறுபத்தொரு வயது. அதில் நாற்பத்திரண்டு வருடம் மற்றவர்களைக் குளிப்பாட்டியதில் போயிற்று. அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பக்கத்தில், எல்ம் ஃபோர்க் கவுண்டி என்ற சிறிய மாவட்டத்தில், வீட்டோடு கிடக்கும் கிழவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்கிற வேலை. இடையில் அவளுடைய சொந்தப் புருஷன் நிலக்கரித் தூசி படிந்த நுரையீரலோடு ஒன்பது வருடம் படுத்திருந்தான். அவனையும் அவள்தான் பார்த்தாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள் பொறுப்பு. கை கழுவுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் இரண்டாம் நாள்தான். முதல் நாள் ஒரே பாடம். "அறைக்குள்ள பார்த்தது அறைக்குள்ளயே இருக்கணும். உங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லக் கூடாது." ஒரு முறை முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்துகொண்டு, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் டயாப்பர் கட்டிக்கொள்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன ஒரு பெண்ணை, ஆர்டித்தே மேலாளரிடம் சொல்லி வேலையை விட்டு அனுப்பினாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள். ஆர்டித் அதற்காக இரங்கவில்லை.

லோவல் ஹாட்சர் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். இப்போது எண்பத்து நான்கு வயது, சக்கர நாற்காலி. வாரத்தில் மூன்று நாள் ஆர்டித் அவர் வீட்டுக்குப் போவாள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது விழுந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தில் அவர் வாயில் என்ன வருமோ அது வரும். ஆர்டித் அதையெல்லாம் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பாள்.

இருவரும் பாப்டிஸ்ட் சபைக்காரர்கள்தான். ஆனால் அந்த வருடம் நீதிமன்ற வாசலில் வைப்பதாக இருந்த கல்லைப் பற்றி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. "இந்தக் கவுண்டி கிறிஸ்துவின் மேல் நிறுவப்பட்டது" என்று பொறித்த சுண்ணாம்புக் கல். கூடவே, கவுண்டியை நிர்வகிக்கும் மன்றம் கூடும்போதெல்லாம் இயேசுவின் பெயரில் ஜெபத்தோடுதான் தொடங்க வேண்டும் என்று ஒரு தீர்மானம்.

"நல்ல விஷயத்துக்கு ஏன் சார் குறுக்க நிக்கிறீங்க?" என்று சவர நுரையைத் தடவிக்கொண்டே கேட்டாள் ஆர்டித்.

"என்னால நிக்க முடியாதும்மா. அதான் உக்காந்துக்கிட்டே குறுக்க இருக்கேன்."

"பேச்சை மாத்தாதீங்க."

"திங்கக்கிழமை மன்றம் கூடுது. என்னைக் கூட்டிட்டுப் போறியா? உன்னை விட்டா எனக்கு வேற வண்டி இல்ல."

கூட்டிக்கொண்டு போனாள். அவர் தோற்பதை நேரில் பார்க்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணமும் இருந்தது.

காலை பத்து மணிக்கே மன்றக் கூடம் நிறைந்துவிட்டது. ஐந்து உறுப்பினர்கள் மேடையில். ஆர்டித்தின் சபைப் போதகர் டெல்பர்ட் க்ரேபில் முதலில் பேசினார். இந்தத் தேசத்தை உண்டாக்கினவர்கள் முழங்காலில் நின்றவர்கள், அதை மறந்ததால்தான் ஊர் இப்படிக் கிடக்கிறது என்றார். பின்பு ஆர்டித் லோவலை ஒலிபெருக்கியின் முன்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, அவர் உயரத்துக்கு அதைத் தாழ்த்தி வைத்தாள்.

"முழங்கால்ல நின்னவங்களும் இருந்தாங்க, நிக்காதவங்களும் இருந்தாங்க," என்றார் லோவல். "நம்ம கவுண்டியோட முதல் பதிவுப் புத்தகம் கீழே அலமாரியில இருக்கு. முதல் கூட்டம் ஒரு சாராயக் கடையில நடந்துச்சு. முதல்ல அவங்க செஞ்சது ஜெபம் இல்ல. விஸ்கிக்கு விலை வெச்சாங்க. ரெண்டாவது, ஜெயில் கட்டணும்னு முடிவு பண்ணாங்க."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நம்ம முப்பாட்டன்மார் ஏன் இந்த மலைக்கு வந்தாங்க? வெர்ஜீனியாவுல அரசாங்க அனுமதி இல்லாம பிரசங்கம் பண்ணினாங்கன்னு பாப்டிஸ்டுகளைப் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. பிடிச்சவங்க யாரு? அவங்களும் கிறிஸ்தவங்கதான். சரியான ஜெபம் எதுன்னு அரசாங்கத்துக்குத் தெரியும்னு நினைச்சாங்க. விசுவாசம் ஒருத்தனுக்கும் தேவனுக்கும் நடுவுல இருக்கிறது. அங்க ஷெரீப்புக்கோ போலீசுக்கோ வேலை இல்ல."

"குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னு சரித்திர வகுப்புலயே சொன்னவர்தானே," என்று பின்வரிசையில் ஒரு குரல். "வயசாச்சே, இன்னுமா தேவன்கிட்ட வரல?" என்றது இன்னொன்று. மறுபடியும் சிரிப்பு.

ஆர்டித்துக்கு அது பொறுக்கவில்லை. அவரைத் தெய்வ பயம் இல்லாதவர் என்று எவன் சொல்வது? அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அதோடு கல்லும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத் தன்னிடம் ஒரு விடை இருக்கிறது என்று அந்தக் கணத்தில் தோன்றியது.

அவர்கள் சபையில் புதன்கிழமைதோறும் சாட்சி நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து ஆண்டவர் செய்ததைச் சொல்லலாம். தன் கதைதான் என்றில்லை. இன்னார் குடியை விட்டது, இன்னார் மகள் ஓடிப்போய்த் திரும்பி வந்தது எல்லாம் பேரோடு வரும். சொல்லப்பட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார். அதில் வெட்கம் கிடையாது. நாற்பது வருடமாக ஆர்டித் அப்படித்தான் பேசிப் பழகியிருந்தாள். மன்றக் கூடத்திலும் அதே போதகர், சபையில் பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் அதே ஆட்கள், அதே "ஆமென்". அவள் எழுந்தாள்.

"நான் ஒரு சாட்சி சொல்லணும்," என்றாள். "லோவல் சாரை வாரத்துல மூணு நாள் குளிப்பாட்டுறது நான். அவர் ஜெபம் பண்ணாதவர்னு யாரும் சொல்லாதீங்க. போன வியாழக்கிழமை படுக்கையிலயே ஆயிடுச்சு அவருக்கு. நான் துடைச்சுவிட்டேன். சின்னப் புள்ள மாதிரி அழுதார். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, 'இயேசப்பா, என்னை விட்டுடாதீங்க, வெலீட்டாவை நான் தனியா சாகவிட்டேன், மன்னிச்சிருங்க'ன்னு சொன்னார். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் சொல்றார். இவருக்கே இயேசு வேணும்னா, இந்தக் கவுண்டிக்கு வேண்டாமா?"

வெலீட்டா அவர் மனைவி. முதியோர் இல்லத்தில் இறந்தவள். அந்த நாள் அவர் எங்கே இருந்தார் என்று ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"ஆமென்" என்று நான்கைந்து இடத்திலிருந்து வந்தது. ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். பின்வரிசையில் எவனோ மட்டும் அடக்க முடியாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பு காதில் விழுந்தபோதுதான் ஆர்டித்துக்கு முடிதிருத்தும் கடை ஞாபகம் வந்தது. லோவலைப் பார்த்தாள். அவர் தலையாட்டவில்லை. மடியில் கிடந்த போர்வையை இடுப்புவரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார், இவ்வளவு பேர் முன்னால் உடை நழுவிவிட்ட மாதிரி.

தீர்மானம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் நிறைவேறியது. வேண்டாம் என்று சொல்லவிருந்த உறுப்பினர் ஒருவர், சகோதரியின் சாட்சி தன் மனதை மாற்றிவிட்டது என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

கூட்டத்தில் வழி விடுங்கள் வழி விடுங்கள் என்று கேட்டுக்கொண்டே அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. வழியில் மூன்று பேர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு கிழவி குனிந்து லோவல் கன்னத்தைத் தட்டி, "எல்லாருக்கும் ஆகுறதுதான் தங்கம்," என்றாள்.

வண்டியில் பதினைந்து நிமிடம். வீட்டில் அவரைப் படுக்கைக்கு மாற்ற இடுப்புப் பட்டையைக் கட்டி, "ஒண்ணு, ரெண்டு," என்று எண்ணித் தூக்கினாள். அவர் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டார். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்த பிறகு கீழுதட்டில் ரத்தம் இருந்தது. ஆர்டித் ஈரத் துணியால் அதை ஒற்றி எடுத்தாள்.

"சார், உங்களைத் தப்பாப் பேசினாங்கன்னுதான் நான்..."

"நீ பொய் சொல்லல ஆர்டித். அதுதான் பிரச்சினை."

"என்னை மன்னிச்சிருங்க."

"நான் அதை உன்கிட்டச் சொல்லல. அவர்கிட்டச் சொன்னேன். நீ அங்க இருந்தே, வேற வழி இல்லாததால." பிறகு, "பீன்ஸ் சூப் இருக்கு. சூடு பண்ணி வெச்சிட்டுப் போ. நானே சாப்பிட்டுக்குவேன்," என்றார்.

அவள் சூடு பண்ணினாள். ரொட்டியை நறுக்கி வைத்தாள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து மேலாளர் நாடீனுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, புகாராக எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

"யாரும் புகார் குடுக்கலியே ஆர்டித். என் மாமியார் அங்கதான் இருந்தாங்க. உன்னைப் பத்தி ஒரே புகழ்ச்சி."

"உன் மாமியாரை விடு. டயாப்பர் கதை சொன்னவளை நீ என்ன பண்ணே?"

"லோவல் சார்கிட்டக் கேக்கணும்," என்றாள் நாடீன்.

கேட்டார்கள். வேறு ஆள் வேண்டும் என்றார் லோவல். கவுண்டியில் வேறு ஆள் கிடையாது. நாற்பது மைல் தள்ளியிருந்து மார்வா ஸ்டிட்டம் என்பவள் வர ஒத்துக்கொண்டாள், ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் முடியும். மூன்று குளியல் இரண்டாயிற்று. ஆர்டித்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் இரண்டு வாரப் பணியிடை நீக்கமும் கிடைத்தன. அவள் செய்ததற்கான தண்டனையில் பெரிய பங்கு அவருக்கே போயிற்று. அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் க்ரேபில் அவளை முன்னால் கூப்பிட்டார். "நம்ம சகோதரி ஆர்டித்தோட துணிச்சல்தான் அந்தக் கல்லுக்கு வழி பண்ணுச்சு. வாங்கம்மா, சபைக்கு ஒரு வார்த்தை."

தான் செய்தது தவறு என்று சொல்லத்தான் எழுந்தாள். ஏன் தவறு என்று சொல்ல வேண்டுமென்றால் அந்தப் படுக்கை, அந்த அழுகை, வெலீட்டா, எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை எடுத்து இத்தனை பேர் முன்னால் வைக்க வேண்டும். போதகரின் கை ஒலிபெருக்கியை நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்கிட்டச் சாட்சி இல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"என்ன தாழ்மை பாருங்க," என்றார் போதகர். சபை கைதட்டியது. அவள் மடியைப் பார்த்தபடி அது ஓயும்வரை உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நாடீனிடம் அனுமதி வாங்கி, லோவல் வீட்டுக்கு வேலையை ஒப்படைக்கப் போனாள். மார்வாவுக்கு ஐம்பது வயதிருக்கும், பருத்த கைகள், அதிகம் பேசாதவள். மாத்திரைப் பெட்டி, இடது கணுக்காலில் ஆறாத புண், சூடு தாங்காத முதுகு என்று ஆர்டித் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு இடுப்புப் பட்டையைக் கட்டுவது. லோவல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பேச்சு நன்றாகக் காதில் விழும் தூரம்தான்.

"தூக்கும்போது எப்படி?" என்று மார்வா தாழ்ந்த குரலில் கேட்டாள். "சிலர் கத்துவாங்க, சிலர் திட்டுவாங்க. இவர் ஏதாவது சொல்வாரா? தெரிஞ்சா நல்லது."

"தெரியாது," என்றாள் ஆர்டித். "மெதுவாத் தூக்கு. ரெண்டுன்னு எண்ணின பிறகு ஒரு நிமிஷம் நிறுத்து, அவசரப்படுத்தாதே. பக்கத்து அறையில ரேடியோ இருக்கு. முதல்ல அதைப் போட்டுட்டு வா. தூக்கி முடிக்கிற வரைக்கும் சத்தமா வை."

மார்வா அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ரேடியோவைப் போடப் போனாள்.

ஆர்டித் சாவியைச் சமையலறை மேஜையில் வைத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்து, "வரேன் சார்," என்றாள். லோவல் திரும்பவில்லை. உள் அறையிலிருந்து வானிலைச் செய்தி பலமாகக் கேட்க ஆரம்பித்ததும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படி இறங்கினாள்.