சாவி போட்டால் படுத்துக்கொள்ளும் சீட்டு

என் மூத்த மாப்பிள்ளை கெட்டிக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்டுவிட்டு யாரும் அவரைப் பற்றிக் குறைவாக நினைத்துவிடக் கூடாது.

ஊரில் பாதி லிப்டுகள் அவர் கை பட்டுத்தான் ஏறி இறங்குகின்றன. இரண்டு மாடிகளுக்கு நடுவே யாராவது மாட்டிக்கொண்டால் கம்பெனியில் அவரைத்தான் அனுப்புவார்கள். போனதும் ஸ்பேனரைத் தொட மாட்டார். கதவு இடுக்கில் வாயை வைத்து, "பொறுங்க. காத்து வருது. பயப்பட ஒண்ணுமில்ல" என்பார். அவ்வளவுதான், உள்ளே அழுகை நின்றுவிடும். ஒரு வக்கீலம்மா வெளியே வந்த பிறகும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டு நின்றார்களாம்.

அப்படிப்பட்டவர் ஒரு வண்டி வாங்கினார். யாரோ பெரிய முதலாளி ஏறிச் சலித்துக் கழித்துவிட்ட பழைய வண்டி. கத்தரிக்காய் நிறம். மூக்கு எங்கள் வாசலில் இருந்தால் வால் அடுத்த வீட்டு வாசலில் இருக்கும். உள்ளே தோல் சீட்டு, மெருகு போட்ட மரப்பலகை, சிகரெட் சாம்பல் தட்ட நாலு கிண்ணம்.

"நம்ம வீட்டுல யாருங்க சிகரெட் பிடிக்கிறாங்க?" என்றாள் என் மகள்.

"மிட்டாய் போட்டு வச்சுக்கலாம்மா."

"இது ஓடுமா, மாப்பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

"அத்தை, இது நின்னாக்கூட ஒரு கம்பீரம் இருக்கும், பாருங்க."

அதைத்தான் பார்த்தோம். சந்தை வாசலில் கம்பீரமாக நின்றது. பள்ளிக்கூட வாசலில் நின்றது. மழை வந்தால் கண்ணாடிகள் தாமாக இறங்கும், வெயில் வந்தால் ஏறிக்கொள்ளும். கடைசியில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் இடுக்கு விட்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த இடுக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அந்த வண்டிக்குப் புது சாமான் எங்கேயும் கிடைக்காது. எது போனாலும் காயலான் கடைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே இதே மாதிரி வண்டி ஒன்று சக்கரமில்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிற மாதிரி மாப்பிள்ளை வாரா வாரம் போவார். என்ன, வரும்போது அந்தச் சொந்தக்காரருடைய காதையோ மூக்கையோ கழற்றிக்கொண்டு வருவார்.

இந்த நிலைமையில்தான் புதிதாகக் கட்டிய பெரிய ஆஸ்பத்திரியின் லிப்டுகளை மாப்பிள்ளையின் கம்பெனி எடுத்தது. அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து இரண்டே பஸ் ஸ்டாப். மத்தியானம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். கல்யாணமான நாளிலிருந்து அவர் லிப்டு மேல் குந்திக்கொண்டு டப்பா சாப்பாடு சாப்பிட்டவர். அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று வீடே தவம் கிடந்தது.

அவருடைய மேனேஜருக்குத்தான் யோசனை. "சொந்த வண்டியையே ஓட வைக்க முடியாதவன்கிட்ட ஆஸ்பத்திரி லிப்ட எப்படிப்பா குடுக்கறது? வியாழக்கிழமை காலையில நான் உங்க வீட்டுக்கு வரேன். உன் வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குப் போவோம். போய்ச் சேர்ந்தா வேலை உனக்கு. நின்னுச்சுன்னா ஸ்கூட்டர்காரனுக்கு" என்றுவிட்டார். ஸ்கூட்டர்காரன் என்பது கூட வேலை பார்க்கிற பையன். அவன் ஸ்கூட்டர் புத்தம் புதிது.

புதன்கிழமை வண்டியைத் துடைத்து மெருகேற்றி, டிரைவர் சீட்டில் சாய்ந்து மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். சீட்டின் முதுகு மடேரென்று முறிந்தது.

வண்டியோடு ஓடினார் காயலான் கடைக்கு. அங்கே செங்கல் மேல் இருந்த வண்டியில் டிரைவர் சீட்டைக் காணோம். கடைக்காரர் அதைக் கழற்றிக் கடைக்குள் போட்டு, அதன் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இத மட்டும் கேக்காதீங்க தம்பி. என் உசுரக் கேளுங்க."

"அண்ணே, என் வேலையே இதுல இருக்கு."

"என் தூக்கமே இதுல இருக்கு."

கடைக்காரருடைய வீட்டம்மா உள்ளேயிருந்து வந்தார். "எடுத்துட்டுப் போங்க தம்பி. இது இருக்கற வரைக்கும் இந்த மனுஷன் எழுந்து ஒரு ஆணி பிடுங்க மாட்டாரு" என்று தாமே ஒரு பக்கம் தூக்கிவிட்டார். தள்ளுமுள்ளில் சீட்டின் பித்தான் பலகை உடைந்து விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை அங்கேயே சீட்டை மாட்டி, சாவியைப் போட்டார். ம்ம்ம் என்று ஒரு சத்தம். சீட்டு மெதுவாக, மரியாதையாக, அவரைப் படுக்க வைத்துவிட்டது.

பெரிய வண்டிகளின் சீட்டுக்கு ஞாபகசக்தி உண்டாம். முதலாளி தமக்குப் பிடித்த மாதிரி சாய்த்து, பித்தானை ஒரு தடவை அழுத்திவிட்டால் போதும். அடுத்த தடவை சாவி போட்டதும் அதே மாதிரி சாய்ந்துகொள்ளும், சாவியை எடுத்தால் நிமிர்ந்துவிடும். காயலான் கடைக்காரர் கடைக்குள்ளேயே பேட்டரியும் சாவியும் வைத்து, மத்தியானத் தூக்கத்துக்குத் தோதாக அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தப் பாடத்தை மாற்றும் பித்தான்தான் உடைந்துபோனது.

மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்து எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். தெருவில் நின்றவர்களுக்கு வண்டிதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை மேனேஜர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, முகம் வீங்கி இருந்தது. தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ. முன் சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை சாவியைத் திருகினார். ம்ம்ம். பேசிக்கொண்டிருந்த மேனேஜர் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் மல்லாந்து கிடக்கிறார்.

"என்னப்பா, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார். இப்படி ஓட்டினா இடுப்புக்கு நல்லது."

"எழுந்திரு. வெளிய வா. நானே ஓட்டறேன்."

மாப்பிள்ளை சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். மேனேஜர் நகர்ந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினார். மாப்பிள்ளை சொல்ல வாயெடுப்பதற்குள் சாவியைத் திருகியும் விட்டார். நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. சீட்டு சாய்ந்தது. மேனேஜர் திமிறத் திமிற பெல்ட் இறுகியது. இஞ்சின் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பேசாமல் இருந்தது. சாவி எட்டவில்லை. உள்ளேயிருந்து கை கால் உதைக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

மாப்பிள்ளையின் கண்ணெதிரே வேலை கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஆள் மாட்டிக்கொண்டால் அவருக்கு வேறெதுவும் தோன்றாது. கண்ணாடி இடுக்கில் வாயை வைத்தார்.

"பொறுங்க சார். காத்து வருது. பயப்பட ஒண்ணுமில்ல."

உதைப்பது நின்றது.

"கையைத் தளர விடுங்க. மூச்ச நிதானமா விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் இடுக்கு வழியாகக் குறட்டை வந்தது.

"எழுப்புங்க. ஸ்கூட்டர்காரன் போய் உக்காந்துருவான்" என்றாள் என் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டிக்கிட்டவரு தூங்கினா எழுப்பக் கூடாதும்மா. பயந்துருவாரு."

வெயில் ஏறியது. மாப்பிள்ளை அந்த இடுக்கை விட்டு நகரவில்லை. என் மகள் குடை கொண்டுவந்து கொடுத்தாள். அதை அவர் தமக்குப் பிடித்துக்கொள்ளாமல், மேனேஜர் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்தார். குடை கொடுத்தவளுக்கு வந்த கோபத்தை நான் சொல்ல மாட்டேன்.

மேனேஜர் கண் விழித்தபோது முகம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளை சொல்லச் சொல்ல உடம்பைச் சுருட்டி, பெல்ட்டைக் கழற்றி, சாவியை எடுத்தார். சீட்டு அவரைப் பூப்போல நிமிர்த்தி உட்கார வைத்தது. அவர் இறங்கவில்லை.

"இவ்வளவு நேரமும் இங்கயேவா நின்ன?"

"ஆள் உள்ள இருக்கும்போது எங்க சார் போறது?"

அவர் தாடையைத் தடவினார். "ஆனாலும் வண்டி நின்னுருச்சேப்பா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலிலிருந்தே கேட்டேன். "நின்னாத்தானே ஸ்கூட்டர்காரருக்குன்னு சொன்னீங்க? இது கிளம்பவே இல்லையே. கிளம்பாத வண்டி எப்படிங்க நிக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர்தான் எடுத்தார்.

"சரி, ஆஸ்பத்திரி உனக்குத்தான். ஆனா இந்த வண்டிய அந்தப் பக்கம் கொண்டு வராத" என்றார் மாப்பிள்ளையிடம். இருவரும் பஸ் ஏறிப் போனார்கள்.

அந்தப் பேச்சு ஒரு வாரம் நின்றது. பிறகு மேனேஜரே மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, இடுப்பு வலி என்று ஆரம்பித்து, வண்டியை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சந்தில் நிறுத்தினால் தப்பில்லை என்று முடித்தார். இப்போது அது அங்கேதான் நிற்கிறது, கம்பீரமாக. எங்கேயும் போவதில்லை என்பதால் பழுதாவதும் இல்லை. மாப்பிள்ளை பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறார்.

நேற்று பேத்திக்குக் காய்ச்சல் மருந்து வாங்க அந்தச் சந்து வழியாகப் போனேன். வண்டிக்குப் பக்கத்தில் காயலான் கடைக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். சீட்டு போனதிலிருந்து மனிதருக்குத் தூக்கமே இல்லையாம்.

"சார், நான் வந்து ரொம்ப நேரம் ஆச்சு. கொஞ்சம் எழுந்திருங்க சார்."

இடுக்கிலிருந்து மேனேஜரின் குரல் நிதானமாக வந்தது.

"பொறுங்க. காத்து வருது. பயப்பட ஒண்ணுமில்ல."