எல்லாத் தோலுக்கும் ஒரே நம்பர்

தோல் கம்பெனிக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவனுக்கு வாடை ஒரே வாரத்தில் பழகிவிடும். வசவுதான் பழகவே பழகாது. அனுபவப்பட்ட சகோதர சகோதரிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

2147483647

ஆம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. புது வாடிக்கையாளர் ஒவ்வொரு தோலுக்கும் பன்னிரண்டு இலக்க எண் கேட்டிருந்தார். தோலின் சீட்டை ஸ்கேன் செய்தால், என் புரோகிராம் எண்ணைப் படித்து லேபிள் அடிக்கும். முதல் நாளே எல்லா லேபிளிலும் 2147483647. ஸ்கேன் செய்த ஸ்டெல்லா அக்கா சூப்பர்வைசராகி ஒரே மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே தோலைத் திரும்பத் திரும்பக் காட்டி எண்ணிக்கையை ஏற்றிவிட்டார் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் அக்காவின் பதவி போய்விடும்.

"நானூறு தோலு தூக்கி கையே கழண்டுபோச்சு, ஒரே தோலுன்றாரு! நீயே பாரு தம்பி."

என் லேப்டாப்பில் சரிதான்

என் லேப்டாப்பில் ஓட்டினால் எல்லா எண்ணும் ஒழுங்காக வந்தது. நானும் ஒரு நிமிடம் அக்காவைச் சந்தேகப்பட்டேன்; இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் ஒரு தோலைப் புரட்டிக் காட்டினார். உள்பக்கத்தில் பேனாவால் கடைசி நாலு இலக்கம். மெஷினை நம்பாமல் ஒவ்வொரு தோலிலும் எழுதி வைத்திருந்தார். எல்லாம் வேறு வேறு எண்.

அப்போதுதான் உறைத்தது. அங்கே இருந்தது பழைய 32 பிட் கம்ப்யூட்டர். அதில் எண்ணைப் போட்டு வைக்கும் long வகை இருநூற்றுச் சொச்சம் கோடிக்கு மேல் தாங்காது. அதைவிடப் பெரிய எண் எது வந்தாலும், எழுத்தை எண்ணாக மாற்றும் strtol அந்த உச்ச எண்ணையே திருப்பிக் கொடுத்துவிடும். தப்பு முழுக்க என்னுடையது.

"அப்ப பேஜார் பண்ணது நீ, திட்டு வாங்கனது நானா?"

மைனஸ் தோல்

பெரிய எண்ணும் தாங்கும் strtoll என்று மாற்றினேன். அவசரத்தில், எண்ணை வாங்கி வைக்கும் இடத்தைச் சிறிய int ஆகவே விட்டுத் தொலைத்தேன். எண்கள் வேறு வேறாக வந்தன, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மைனஸோடு. லேபிள் ஒட்டும் குமார் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்னா சார், இத மாட்டுக்கே திருப்பிக் குடுத்துடணுமா?"

நாலு மணி

இந்த முறை எல்லா இடத்திலும் இரட்டிப்பு இடம் கொண்ட long long. அதையும் மீறிய எண் வந்தால் நின்று கத்தும்படி errno என்ற பிழைச் சோதனையும் சேர்த்தேன். நானூறு லேபிளையும் அக்காவின் பேனா எழுத்தோடு ஒத்துப் பார்த்தோம். ஒன்றுகூடப் பிசகவில்லை. மேனேஜரிடம் போய்த் தப்பு என்னுடையது என்றேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. நேராக அக்காவின் மேஜைக்கே வந்தார்.

"நான் பேசனது தப்பும்மா. இனிமே இவர் புரோகிராம நீங்க பாத்து ஓகே சொன்னாத்தான் மெஷின்ல ஏத்தணும்."

அன்றுமுதல் என் புரோகிராமுக்கு errno ஒரு சோதனை, ஸ்டெல்லா அக்கா இன்னொரு சோதனை. முதலாவதில் எப்படியாவது தப்பித்துவிடலாம்.