பந்தெலிஸ் என்று கூப்பிட்ட எலும்பு

முதியவளின் கைகள் மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிச் சிவப்பு ஒயின் ஊற்றிக் கழுவின. ஊரில் இறந்தவர்களைச் சில ஆண்டுகள் கழித்துத் தோண்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வழக்கப்படி ஒயினில் எலும்பு கழுவித் தருபவள் ஸ்தமதூலா. இந்த எலும்புகளோ மலையடி அகழாய்வில் கிடைத்தவை, மூவாயிரம் ஆண்டுகள் பழையவை.

"தண்ணில மட்டும் கழுவச் சொன்னேனே, பெரியம்மா," என்றாள் அகழாய்வுக்கார யூலியா.

"வெறும் தண்ணில கழுவ இதென்ன கத்தரிக்காயா?"

"சரி, பேரு தெரியாத ஆளை எப்படிக் கூப்பிட்டீங்க?"

பெயர் சொல்லாமல் கழுவினால் கழுவியவளின் பெயரை எலும்பு எடுத்துக்கொள்ளும் என்பது ஸ்தமதூலாவின் வீட்டு நம்பிக்கை. அந்தப் பயத்தில், கடலோடு போய் எலும்புகூடக் கிடைக்காத கணவன் பந்தெலிஸின் பெயரைச் சொல்லியிருந்தாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது மண்டையோடு தட்டில் மெல்ல உருண்டு அவள் முகத்தைப் பார்த்து நின்றது. பந்தெலிஸுக்கு முன்பல் இரண்டு கிடையாது. இதற்கு எல்லாப் பற்களும் இருந்தன.

"என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னேன். அவர் வரல. வேற யாரோ திரும்பிப் பார்த்தாங்க."

யூலியா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஸ்தமதூலா மண்டையோட்டைத் துடைத்து, பெட்டியில் வைத்து மூடி நீட்டினாள். "எடுத்துட்டுப் போ. இனிமே அந்தப் பேரு அதுக்குத்தான். என் வீட்டுக்காரரைக்கூட நான் அதைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன்."