தேர்தலுக்குத் துப்பாக்கியை ஒப்படைத்த மார்கழி

தேர்தல் அறிவித்தால் எங்கள் பக்கம் கட்சிக்காரர்களுக்கு முன்னால் பரபரப்பாவது துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் சம்சாரிகள், அதாவது விவசாயிகள்தான். ஓட்டு எண்ணி முடியும் வரை துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். போன தடவை ஒப்படைக்கப் போனபோது ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நான் மட்டும் இருந்தேன். மற்றவர்கள் லைசென்ஸே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த மார்கழி ஞாபகம் வந்தது.

என்னிடம் இருப்பது அப்பா வழியில் வந்த ஒற்றைக்குழல். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதி. அதை வைத்து வானத்தைத் தவிர வேறெதையும் நான் சுட்டதில்லை. வானத்தையும் சில முறை தவறவிட்டிருப்பேன் என்பது என் மனைவியின் கருத்து.

அந்த மார்கழியில் உள்ளாட்சித் தேர்தல் சரியாக மக்காச்சோளம் பால்பிடிக்கும் நேரத்தில் வந்தது. காட்டுப்பன்றிகளுக்கு அதைவிட நல்ல சேதி கிடையாது. எனக்கோ அந்த வருஷத்து வெள்ளாமை முழுக்க அந்த ஒரு புஞ்சையில்தான் நின்றது.

துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி, நோயாளியைக் கூட்டிப்போவதுபோல் பஸ்ஸில் கொண்டுபோனேன். வேப்பமரத்தடியில் இருவர் தங்கள் துப்பாக்கிகளோடு இருந்தார்கள். ஒருவர் கயத்தாறில் லாரி வைத்திருந்தவர். மற்றவர் கடம்பூர்ப் பக்கத்து விவசாயி. ஞாயிறு பூசைக்குப் போகும் வெள்ளை வேட்டியிலேயே வந்திருந்தார்.

"இந்த நீட்டுக் கம்பிய வச்சு என்ன செய்ய?" என்றார் லாரிக்காரர். "ரோட்டுல போறவனுக்கு இடுப்புல ஒரு பிஸ்டல் குடுக்கணும். எவன் மறிப்பான்?"

"அண்ணாச்சி, உங்க இடுப்புல வேட்டியே நிக்க மாட்டேங்கு. பிஸ்டல் எங்கன நிக்கும்?" என்றார் கடம்பூர்க்காரர்.

"சிரிங்க. நம்மள மாதிரி நல்லவனுக்குத்தான் இத்தன சட்டம். திருட்டுப்பய எவனாவது லைசென்ஸ் எடுக்கானா?"

"நல்லவன்னு நீங்களே சொன்னா ஆச்சா? உங்க வீட்டுல கேட்டுட்டு வாரேன்."

நான் நடுநிலை. அடுத்தவர் துப்பாக்கி விஷயத்தில் சட்டம் கடுமையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் உறுதி உண்டு.

ஏட்டையாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "கதிர் முத்துத வரைக்குமாவது விடுங்க. பன்னி சுத்திக்கிட்டு நிக்கி."

"பன்னிக்குத் தேர்தல் விதி கிடையாது அண்ணாச்சி. உங்களுக்கு உண்டு" என்று வாங்கிப் பூட்டினார்.

வெளியே வந்ததும் கடம்பூர்க்காரர் காதோரம் சொன்னார்: "துப்பாக்கி போனது பன்னிக்குத் தெரியக் கூடாது. தினமும் சுடுத நேரத்துக்கு ஒரு வெடியப் போடுங்க."

நம்பினேன். பொழுது அடையும்போது அணுகுண்டு வெடி ஒன்றைத் தகர டப்பாவுக்குள் வைத்துக் கொளுத்தினேன். என் துப்பாக்கி ஒருநாளும் அப்படி முழங்கியதில்லை.

சற்று நேரத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. துப்பாக்கியை ஒப்படைக்காமல் சுடுகிறான் என்று யாரோ போன் செய்துவிட்டார்கள். இறங்கியவர் அதே ஏட்டையா.

"நான் பூட்டுன துப்பாக்கி இங்கன எப்படி வெடிக்கு?"

டப்பாவைக் காட்டினேன். அவர் சிரித்து முடிப்பதற்குள் சோளத்துக்குள் மளமளவென்று தட்டை முறியும் சத்தம். என் வெடியைப் பன்றிகள் மதிக்கவேயில்லை. ஏட்டையா ஓடிப்போய் ஜீப்பின் சைரனை அலறவிட்டார். கூட்டம் மறுகோடியில் பாய்ந்து ஓடையில் இறங்கி மறைந்தது. ஓரத்துச் சோளம் கொஞ்சம் சாய்ந்ததோடு சரி.

"ரோந்து இந்த வழியாத்தான் போகும். பாத்துக்கிடுதேன்" என்றார். அதன்பிறகு பொழுது சாய்ந்தால் அந்தச் சைரன் என் புஞ்சையோரம் ஒருமுறை அலறிவிட்டுப் போகும். எனக்கு ஏதோ கொலைமிரட்டல் என்று நினைத்து ஊரில் மரியாதை கூடியது. நானும் மறுக்கவில்லை.

ஓட்டு எண்ணி முடிந்தபோது சோளம் தலை நிமிர்ந்து நின்றது. துப்பாக்கியை வாங்கப் போகையில், முற்றாத கதிர்களாகப் பார்த்து ஒரு பை ஒடித்துக்கொண்டு போனேன்.

"லஞ்சமாயிரும் அண்ணாச்சி" என்றார் ஏட்டையா.

"இது பன்னிப் பங்கு. அது வரல, நீங்க சாப்பிடுங்க."

லாரிக்காரரும் கடம்பூர்க்காரரும் தங்கள் துப்பாக்கிகளை வாங்க வந்திருந்தார்கள். எதிர்த்த டீக்கடை அடுப்பில் வாட்டி, வேப்பமரத்தடியில் ஏட்டையாவோடு நாலு பேருமாகக் கடித்தோம். பல்லில் சோளத்தோடு லாரிக்காரர் பிஸ்டல் விவகாரத்தை மறுபடியும் ஆரம்பித்தார். கைக்கு வந்த துப்பாக்கிகளை மரத்தில் சாய்த்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும் எண்ணமே இல்லாமல் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.